மலையில் இருளைக் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவு வானம் பார்க்க மலைக்கு வருபவர்களோடு பல ஆண்டுகளாக நிற்கிறேன். தொலைநோக்கிக்கு முன்னால் வரிசையில் காத்திருக்கும்போது கேட்பார்கள். மலை விடுதி நடத்துபவர்கள் கேட்பார்கள், தெருவிளக்குப் பொறுப்பில் இருப்பவர்கள் கேட்பார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கீழே வைத்திருக்கிறேன். அவசரமாகப் படிப்பவர்கள் 4, 5 இரண்டையும் மட்டுமாவது படித்துவிடுங்கள்.

1. மலையில ஏற்கெனவே இருட்டாத்தானே இருக்கு, அதைப் போய் ஏன் காப்பாத்தணும்?

இருப்பதால்தான். சமவெளியில் பல இடங்களில் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை. 2016-இல் வெளியான உலக ஒளி மாசு வரைபடத்தின்படி, உலக மக்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஒளி மாசு படிந்த வானத்தின் கீழ் வாழ்கிறார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் தாங்கள் வாழும் இடத்திலிருந்து பால்வெளியைப் பார்க்க முடியாது.

மலைகள் இதுவரை தப்பியதற்கு யாருடைய அக்கறையும் காரணமில்லை. சாலை போடுவது கடினம், மின்கம்பி இழுப்பது கடினம், ஆள் குறைவு, அவ்வளவுதான். இந்தத் தடைகள் இப்போது ஒவ்வொன்றாக விலகுகின்றன. விலகட்டும், சாலையும் மின்சாரமும் மலையில் வாழ்பவர்களுக்கு வர வேண்டியவைதான். அவற்றோடு வரும் விளக்கை எப்படி மாட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2. வெளிச்சம் எப்படிங்க மாசு ஆகும்? புகை மாதிரி தங்கவா போகுது?

தங்காது. சுவிட்சை அணைத்த கணமே போய்விடும் மாசு இது, அதனால்தான் எனக்கு இதில் நம்பிக்கை. தேவையில்லாத இடத்தில், தேவையில்லாத நேரத்தில், தேவைக்கு மேல் விழும் செயற்கை ஒளியை ஒளி மாசு என்கிறோம். அது மூன்று விதமாகத் தெரியும். நகரத்துக்கு மேலே குடை கவிழ்த்ததுபோல் நிற்கும் வானொளிர்வு ஒன்று. எதிரே வரும் ஆளைப் பார்க்க விடாமல் கண்ணைக் கூச வைக்கும் விளக்கு இன்னொன்று. உங்கள் வாசல் விளக்கு பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்குள் விழுவது மூன்றாவது.

எவ்வளவு மிகை என்பதற்கு ஒரு கணக்கு. நிலவில்லாத தெளிந்த இரவில் நட்சத்திரங்களிலிருந்தும் வானத்திலிருந்தும் தரைக்கு வருவது சுமார் 0.001 லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் ஒளியை அளக்கும் அலகு). முழுநிலவு நாளில் அதிகம் போனால் 0.3 லக்ஸ். சாதாரண தெருவிளக்கின் நேர் கீழே 10 லக்ஸ் இருக்கும், அதாவது நட்சத்திர ஒளியைப்போல் பத்தாயிரம் மடங்கு. உயிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பழகிய இரவில் நிலவைவிடப் பெரிய வெளிச்சம் இருந்ததில்லை.

3. நல்ல இருட்டு வானம்னா எப்படி இருக்கும்? நான் பார்த்தது நல்லதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

மேகத்தைப் பாருங்கள். நகரத்தில் இரவு மேகம் வெளுத்து, ஆரஞ்சு பூசியதுபோல் இருக்கும், கீழேயிருந்து போகும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. கெடாத வானத்தில் மேகம் கறுப்பு. நட்சத்திரக் கூட்டத்தில் யாரோ ஓட்டை போட்டதுபோல் ஒரு கறுப்புத் திட்டு மெதுவாக நகரும். முதல்முறை பார்த்தபோது அது மேகம் என்றே எனக்குப் புரியவில்லை. நட்சத்திரங்கள் ஏன் ஒரு பக்கத்திலிருந்து அணைந்துகொண்டே வருகின்றன என்று விழித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, உண்மையான இருட்டு வானம் முழுக் கறுப்பாக இருக்காது. வளிமண்டலத்தின் மேலடுக்குக்கே மெல்லிய ஒளிர்வு உண்டு. அந்த ஒளியில் மலை முகட்டின் கோடு தெரியும், நீட்டிய கை நிழலுருவாகத் தெரியும். வெள்ளி பிரகாசமாக இருக்கும் நாளில் வெள்ளைத் துணி விரித்துக் கையை நீட்டினால் அந்த ஒரு கோளின் ஒளியிலேயே நிழல் விழும். வெறுங்கண்ணுக்கு ஒரே நேரத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் நட்சத்திரங்கள் தெரியும். பெருநகர நடுவில் அது சில பத்துகளாகச் சுருங்கிவிடுகிறது.

பார்க்கும்போது அவசரம் கூடாது. கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை கைபேசித் திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து.

4. ஒரு நகரத்துல லட்சம் விளக்கு எரியுது. மலையில எரியற பத்து விளக்குதான் பிரச்சினையா?

இந்தக் கேள்வி நியாயமானது. பதிலின் ஒரு பாதி கேட்பவருக்குச் சாதகம்கூட. மலையில் காற்று அடர்த்தி குறைவு, 2,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். தூசியும் குறைவு. ஆகவே ஒரு விளக்கின் ஒளி தலைக்கு மேலே சிதறி வானத்தை வெளுக்க வைப்பது சமவெளியைவிடக் குறைவாகவே நடக்கும்.

மறுபாதிதான் மலைக்கே உரியது. சமவெளியில் பக்கவாட்டில் போகும் ஒளியைச் சுவரும் மரமும் அடுத்த வீடும் தடுத்துவிடுகின்றன. மலைச்சரிவில் அப்படியில்லை. வாசலில் மாட்டிய விளக்கின் ஒளி நேரே திறந்த பள்ளத்தாக்குக்குள் பாய்ந்து எதிர்ச்சரிவில் போய் விழும். காற்று தெளிவாக இருப்பதால் மூடாத ஒற்றைப் பல்பு இருபது கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியும். சமவெளியில் உங்கள் விளக்குக்கு மேலே வானம் மட்டும்தான். சரிவிலோ உங்களுக்கு மேலே ஒரு வீடு, கீழே ஒரு பாதை, எதிரே ஒரு காடு என்று எல்லாத் திசையிலும் யாராவது இருக்கிறார்கள்.

பத்து விளக்கு என்பதையும் யோசியுங்கள். லட்சம் விளக்கு எரியும் இடத்தில் இன்னொன்றைச் சேர்த்தால் யாருக்கும் தெரியாது. ஒன்றுமே இல்லாத பள்ளத்தாக்கில் முதல் விளக்கு அந்த இரவையே மாற்றிவிடுகிறது.

5. அப்போ விளக்கே போடக்கூடாதுன்னு சொல்றீங்களா?

இல்லை. இருட்டில் படி தெரியாமல் விழுந்து கால் முறிந்தால் எந்த நட்சத்திரமும் வந்து தூக்கிவிடாது. விளக்கு இருக்கட்டும், பல்பு கண்ணில் படக்கூடாது. நான் எல்லோருக்கும் சொல்லும் சோதனை இதுதான்: இரவில் விளக்கிலிருந்து விலகிப் போய், தாழ்வான இடத்திலிருந்தும் உயரமான இடத்திலிருந்தும் திரும்பிப் பாருங்கள். வெளிச்சம் விழும் தரை தெரிந்தால் நல்ல விளக்கு. பல்பே தெரிந்தால் அது உங்கள் தேவைக்கு எரியவில்லை.

அமெரிக்காவிலிருந்து இயங்கும் டார்க்ஸ்கை இன்டர்நேஷனல் என்ற அமைப்பு (1988-இல் தொடங்கியது) இதையே ஐந்து கேள்விகளாகச் சொல்கிறது. இந்த விளக்கு தேவைதானா? தேவையான இடத்தில் மட்டும் விழுகிறதா? தேவைக்கு மேல் பிரகாசமா? தேவையான நேரத்தில் மட்டும் எரிகிறதா? வண்ணம் மஞ்சளா, நீலம் கலந்த வெள்ளையா? பெரும்பாலானவர்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். முதல் கேள்வியிலேயே பாதி விளக்குகள் கழன்றுவிடும். மரத்தை நோக்கி வைத்த ஃபோகஸ் லைட்டும், பாறை மேல் அடிக்கும் நீல விளக்கும், யாரும் நடக்காத பின்பக்கத்தில் விடியும்வரை எரியும் குழல்விளக்கும் யாருக்காக எரிகின்றன?

6. ஷேடு போட்டா வெளிச்சம் பாதி போயிடாதா?

வானத்துக்குப் போய்க்கொண்டிருந்த பாதி போகும். தரைக்கு வருவது குறையாது. மூடியின் உட்புறம் வெள்ளையாகவோ பளபளப்பாகவோ இருந்தால் அந்தப் பாதியிலும் கொஞ்சம் தரைக்கே திரும்பும். பிறகு வாட் குறைந்த பல்பே போதும்.

கடைக்குப் போகக்கூட வேண்டாம். ஒரு விடுதியில் பழைய தகர டப்பாவை வெட்டி, வாசல் பல்பைச் சுற்றிக் கழுத்துப்பட்டைபோல் மாட்டினோம். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்க உள்பக்கம் மடித்துத் தட்டினோம். பல்பின் கீழ்முனையைவிட இரண்டு விரல் கீழே இறங்கும்படி டப்பா தொங்கியது. அந்த இரண்டு விரல்தான் முக்கியம். அதுவரை வாசலில் நின்றால் எதிரே ஒன்றும் தெரியாது, மாட்டிய பிறகு படி தெரிந்தது, படிக்கு அப்பால் புல்வெளியும் தெரிந்தது. சூடாகும் பழைய வகை பல்பாக இருந்தால் மட்டும் காற்று போக மேலே இடைவெளி விடுங்கள்.

ஃபோகஸ் லைட்டுக்கு டப்பாகூட வேண்டாம். ஸ்பேனரால் திருகைத் தளர்த்தி முகத்தைத் தரைக்குத் திருப்பினால் போதும். ஒளிவீசும் கண்ணாடி தரைக்கு இணையாக இருக்க வேண்டும்.

7. வெள்ளை எல்ஈடி, மஞ்சள் எல்ஈடி, ரெண்டும் ஒரே வாட்தானே? என்ன வித்தியாசம்?

காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை மிக அதிகமாகச் சிதறடிக்கும். பகல் வானம் நீலமாக இருப்பதற்கும் அதுதான் காரணம். 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலம், 600 நானோமீட்டர் ஆரஞ்சைவிட மூன்று மடங்குக்கு மேல் சிதறும். குளிர்ந்த வெள்ளை எல்ஈடியில் அந்த நீலம் நிறைய. போதாததற்கு, இருளில் நம் கண்ணும் நீலப் பக்கத்தில்தான் கூர்மை, அதனால் சிதறியது இன்னும் அதிகமாகத் தெரியும். பூச்சிகளை இழுப்பதும், தூக்கத்துக்கான மெலடோனினைக் கெடுப்பதும் பெரும்பாலும் அதே நீலம்தான்.

வாங்கும்போது பெட்டியில் கெல்வின் எண்ணைப் பாருங்கள், ஒளியின் நிறத்தைச் சொல்வது அது, எண் கூடக்கூட நீலம் கூடும். 6500, 4000 எல்லாம் மலைக்கு வேண்டாம். 3000-ஐத் தாண்டாதீர்கள், 2200 கிடைத்தால் மிக நல்லது. வானாய்வகத்துக்குப் பக்கத்தில் என்றால் நீலமே இல்லாத அம்பர் எல்ஈடி. முன்பு அந்த இடங்களில் ஒரே மஞ்சள் நிறத்தில், ஏறக்குறைய 589 நானோமீட்டரில் மட்டும் எரியும் தாழழுத்த சோடியம் விளக்குகள் இருந்தன. வானியலாளர்கள் அந்த ஒரு நிறத்தை மட்டும் வடிகட்டிவிட்டு மிச்சத்தைப் படிக்க முடிந்தது. வெள்ளை எல்ஈடியில் அந்த வசதி கிடையாது.

மஞ்சள் என்பதற்காக ஐந்து மடங்கு பிரகாசமாகப் போட்டால் ஒரு பயனும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

8. எல்ஈடி மின்சாரத்தை மிச்சப்படுத்துது. அதுவே சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?

மிச்சமான மின்சாரத்தில் இன்னும் இரண்டு விளக்கு போட்டுவிடுகிறோம், அங்கேதான் கணக்கு இடிக்கிறது. 2011 முதல் 2022 வரை உலகெங்கும் பொதுமக்கள் வெறுங்கண்ணால் நட்சத்திரம் பார்த்துப் பதிவு செய்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளை வைத்து 2023-இல் ஒரு ஆய்வு வெளியானது. இரவு வானம் சராசரியாக ஆண்டுக்கு 9.6 விழுக்காடு பிரகாசமாகிக்கொண்டே போகிறது என்று அது கண்டது. ஏறக்குறைய எட்டு ஆண்டில் இரட்டிப்பு. இதே வேகத்தில் போனால், 250 நட்சத்திரம் தெரியும் ஊரில் பிறந்த குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்போது நூறுதான் தெரியும்.

செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டிய வளர்ச்சி இதைவிட மிகக் குறைவு. அவற்றின் உணரிகளுக்கு நீல ஒளி சரியாகத் தெரியாது, பக்கவாட்டில் போகும் ஒளியும் சிக்காது. நாம் புதிதாகச் சேர்த்தது அந்த இரண்டையும்தான்.

9. இருட்டா விட்டா திருட்டும் விபத்தும் அதிகமாகாதா?

பயம் உண்மையானது, அதைச் சிரித்து ஒதுக்கக்கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிப் பகுதிகளின் பதினான்கு ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வு, தெருவிளக்கை நள்ளிரவுக்குப் பின் அணைத்ததாலோ மங்கலாக்கியதாலோ குற்றமும் விபத்தும் கூடியதற்குச் சான்று இல்லை என்றது. நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் பொதுக் குடியிருப்புகளில் கூடுதல் விளக்குக் கோபுரங்கள் வைத்துப் பார்த்த சோதனையில் வெளியிடத்து இரவுக் குற்றங்கள் சுமார் 36 விழுக்காடு குறைந்தன. மக்கள் நெருக்கம் மிகுந்த பெருநகரக் குடியிருப்பில் பலித்தது, பத்து வீடுள்ள மலையூரில் அப்படியே பலிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

மலைச்சாலையில் எனக்கு உண்மையில் பயம் தருவது கூசும் விளக்கு. கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது சரிவிலிருந்து ஒரு ஃபிளட் லைட் முகத்தில் அடித்தால், அடுத்த சில நொடிகளுக்குச் சாலையின் விளிம்பு எங்கே என்று தெரியாது. வளைவில் ஒளி பிரதிபலிக்கும் பட்டைகளும் கட்டைகளும் வைப்பது பல இடங்களில் கம்பம் நடுவதைவிட உதவும். வண்டி வரும்போது மட்டும் அவை ஒளிரும், மற்ற நேரம் இருட்டு. வீட்டு வாசலுக்கு ஆள் வந்தால் எரியும் சென்சார் விளக்கு நல்லது. விளக்கு திடீரென்று எரிந்தால் உள்ளே இருப்பவரும் திரும்பிப் பார்ப்பார், விடிய விடிய எரிவதை யாரும் கவனிப்பதில்லை.

10. காட்டு மிருகம் வருது. விளக்கை அணைக்கச் சொன்னா எப்படி?

கொட்டகையை இருட்டாக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே மாதிரி எரிந்துகொண்டே இருக்கும் விளக்குக்கு விலங்குகள் பழகிவிடும், அதை நம்பி நிம்மதியாகத் தூங்குவதுதான் ஆபத்து. சிலி நாட்டு ஆண்டிஸ் உயர்நிலத்தில் லாமா, அல்பாக்கா மந்தைகளுக்குப் பக்கத்தில் ஒழுங்கின்றி விட்டுவிட்டு மின்னும் விளக்குகளை வைத்துச் சோதித்தார்கள். பூமா அண்டவில்லை. ஆனால் ஆண்டிய நரிகளிடம் பலிக்கவில்லை. எந்த விலங்கு என்பதைப் பொறுத்தது என்று இதிலிருந்து தெரிகிறது. உறுதியான அடைப்புக்கு மாற்றாக எந்த விளக்கையும் நினைக்க வேண்டாம்.

அடைப்புக்குள் விழும்படி மூடிய விளக்கு வைத்தால் உங்களுக்கு மந்தை தெரியும். காட்டை நோக்கி அடிக்கும் விளக்கை வைத்தால் கூச்சத்தில் காட்டுக்குள் என்ன நிற்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

11. வானியல்காரங்களுக்கு மட்டும்தானே இது? மத்தவங்களுக்கு என்ன நஷ்டம்?

காலையில் ஒரு வெள்ளை விளக்கின் கீழே போய்ப் பாருங்கள். சுவரில் ஒட்டியபடியே காய்ந்த விட்டில்கள், தரையில் உதிர்ந்த இறக்கைகள், அவற்றை இழுத்துப்போகும் எறும்பு வரிசை. பூச்சிகள் வெளிச்சத்தைத் தேடி வருவதில்லை என்று 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது. வெளிச்சம் இருக்கும் பக்கம் வானம் என்று எண்ணி முதுகை அதன் பக்கம் சாய்க்கின்றன. சாய்ந்ததால் பாதை வளைகிறது, மறுபடி சாய்கின்றன, மறுபடி வளைகிறது. விளக்கைச் சுற்றிச் சுற்றி வருவது அந்தச் சிக்கலால்தான்.

அந்தப் பூச்சிகளில் பல இரவில் மகரந்தம் சுமப்பவை. சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் அடிவாரப் புல்வெளிகளில், அதுவரை இருட்டாக இருந்த இடங்களில் தெருவிளக்கு வைத்துப் பார்த்தார்கள். இரவில் பூவுக்கு வந்த பூச்சிகளின் வருகை 62 விழுக்காடு குறைந்தது. ஒரு முட்செடியில் காய்ப்பு 13 விழுக்காடு குறைந்தது, பகல் பூச்சிகள் வந்தும் அதை ஈடுகட்ட முடியவில்லை. பகலில் கடையில் பழம் வாங்குபவருக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

வலசைப் பறவைகளில் பல இரவில்தான் பறக்கின்றன, வெளிச்சக் கற்றைக்குள் சிக்கிச் சுற்றிச் சுற்றிக் களைத்துவிடுகின்றன. மின்மினிகள் துணை தேடுவதே ஒளியால். அவற்றின் மினுக்கலுக்கு மேல் ஒரு ஃபிளட் லைட் விழுந்தால் பேச்சே கேட்காத சந்தையில் கூப்பிடுவதுபோல் ஆகிவிடும்.

12. பனி விழற மலையில தனியா ஏதாவது பார்க்கணுமா?

கட்டாயம். புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும், புல்தரை கால்வாசிக்கும் குறைவாகத்தான் அனுப்பும். சரியாக மூடி மாட்டிய விளக்கும் பனிக்காலத்தில் தரை வழியாக வானத்துக்குப் போய்விடும். ஆகவே பனி படிந்ததும் மங்கலாக்குங்கள். தரையே வெளிச்சமாக இருப்பதால் கால்வாசி ஒளியிலும் பாதை தெரியும். சறுக்குச்சரிவுகளின் ஃபிளட் லைட்டுகள் கடைசி ஆள் இறங்கியதும் அணைய வேண்டும்.

13. அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கற நகரத்து வெளிச்சமே வானத்துல தெரியுது. நாங்க அணைச்சு என்ன ஆகப்போகுது?

நகரத்தின் வானொளிர்வு தூரத்தோடு வேகமாகத் தேய்கிறது. வாக்கர் விதி என்று ஒன்று சொல்வார்கள்: தூரம் இரண்டு மடங்கானால் ஒளிர்வு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகும். அறுபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருவது பெரும்பாலும் அடிவானத்தை ஒட்டித்தான் நிற்கும். உங்களுக்கும் அதற்கும் நடுவே ஒரு முகடு இருந்தால் அதுவே சுவர். கீழ்ப்பள்ளத்தாக்கில் மேகம் படிந்த இரவில் நகரம் போர்வைக்குள் போய்விடும். தலைக்கு மேலே இருக்கும் வானத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பக்கத்து விளக்குகள்.

நகரத்தையும் விட்டுவிட வேண்டியதில்லை. கனடாவின் மோன்-மெகாந்திக் மலையைச் சுற்றி 2007-இல் உலகின் முதல் பன்னாட்டு இருள்வானக் காப்பகம் (இரவின் இருட்டைக் காக்க விளக்குகளைக் கட்டுப்படுத்தும் பகுதி) அமைந்தபோது ஷெர்புரூக் நகரமும் அதில் சேர்ந்துகொண்டது. அரிசோனாவில் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபிளாக்ஸ்டாஃப் இன்னும் நல்ல சான்று. 1958-லேயே விளம்பரத் தேடுவிளக்குகளைத் தடுத்துச் சட்டம் போட்ட ஊர் அது. 2001-இல் உலகின் முதல் இருள்வான நகரமானது. பல்லாயிரம் பேர் வாழும் ஊரிலேயே பால்வெளி தெரிகிறது.

14. இதுக்கெல்லாம் சட்டம் வச்சவங்க இருக்காங்களா? பேப்பர்ல மட்டும்தானா?

ஸ்பெயினின் லா பால்மா தீவில், சுமார் 2,396 மீட்டர் உயரத்தில் உள்ள வானாய்வகத்துக்காக 1988-இல் வானச் சட்டமே போட்டார்கள். விளக்கு மட்டுமல்ல, வானொலி அலை, காற்று மாசு, விமானப் பாதை என்று நான்கையும் அது கட்டுப்படுத்துகிறது. சிலி 1999-இல் தன் வடக்கு மாகாணங்களுக்கு விதி கொண்டுவந்தது. ஸ்லோவேனியா 2007-இல் நாடு முழுவதற்கும் சட்டம் போட்டு, தெருவிளக்குக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 44.5 கிலோவாட் மணி என்று வரம்பே வைத்தது. பிரான்சின் 2018 டிசம்பர் ஆணை வெளி விளக்குகளின் நேரத்தையும் வண்ணத்தையும் கட்டுப்படுத்துகிறது. நியூசிலாந்தின் மெக்கென்சி சமவெளியில் 1980-களின் தொடக்கத்திலிருந்தே விளக்கு விதி உண்டு, 2012-இல் அது 4,300 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த காப்பகமானது.

சட்டம் வேலை செய்யும் இடங்களைக் கவனித்தால் ஒன்று தெரிகிறது. விளக்கு மாற்றும் செலவைத் தனி ஆளின் தலையில் மட்டும் கட்டாமல், உள்ளாட்சியே மூடியும் பல்பும் மாற்றிக் கொடுத்த இடங்களில்தான் அது நிலைத்தது.

15. காப்பகம்னு அறிவிச்சுட்டா ஊர்க்காரங்க வாழ்க்கையே முடங்கிடாதா?

லடாக்கின் ஹான்லேயைப் பாருங்கள். ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986-இல் நிறுவிய அதே இந்திய வான்இயற்பியல் மையம்தான் ஹான்லேயில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் தொலைநோக்கியை வைத்திருக்கிறது. 2022-இல் அதைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டர் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஊர்களைக் காலி செய்யவில்லை. உள்ளூர்க்காரர்களில் இருபதுக்கு மேற்பட்டவர்களுக்கு வானம் காட்டப் பயிற்சி கொடுத்துத் தொலைநோக்கியும் தந்தார்கள், அவர்களில் பெண்களே அதிகம். இருட்டு அவர்களுக்கு வருமானமும் ஆனது.

எனக்கு இதில் ஒரு கவலையும் உண்டு. இருட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், வருபவர்களுக்கு விடுதி வருகிறது, விடுதியோடு விளக்கும் வண்டியும் வருகின்றன. அறிவித்த நாளைவிட அடுத்த பத்து ஆண்டுகள்தான் சோதனை. புதுக் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே விளக்கு வரைபடத்தையும் கேட்டு வாங்கும் ஊர்கள் பிழைக்கும், கட்டி முடித்த பிறகு கெஞ்சுவது பலிக்காது.

16. வானம் பார்க்க வர்றோம். நாங்க எதைச் செய்யக்கூடாது?

பார்க்கும் இடத்துக்கு முன்பே ஹை பீமைக் குறையுங்கள். வண்டியை நிறுத்தும்போதே திரும்பிப் போகும் திசையில் நிறுத்துங்கள், கிளம்பும்போது மற்றவர்கள் முகத்தில் ஹெட்லைட் அடிக்காது. கதவைத் திறந்தால் எரியும் உள்விளக்கை முன்கூட்டியே அணையுங்கள், இதை எல்லோரும் மறக்கிறார்கள். மங்கலான சிவப்பு டார்ச் மட்டும், அதுவும் கால் பக்கம். பால்வெளியை நோக்கி டார்ச் அடித்துப் படம் எடுக்கும் பழக்கம் வேண்டாம், அந்தப் பத்து நொடியில் சுற்றி நிற்கும் எல்லோருடைய கண்ணும் போகிறது (எவ்வளவு நேரம் என்பது 3-இல் உள்ளது).

17. எங்க வானம் எவ்வளவு நல்லா இருக்குன்னு அளக்க முடியுமா?

முடியும். ஜான் போர்ட்டில் 2001-இல் தந்த ஒன்பது படிகள் உள்ள அளவுகோல் இருக்கிறது, 1 என்றால் கெடாத வானம், 9 என்றால் பெருநகர நடு. கையடக்கமான வான ஒளிமானி வாங்கினால் எண்ணாகவே சொல்லும், 22-ஐ ஒட்டி வந்தால் அதற்கு மேல் இருட்டு இல்லை.

கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நிலவில்லாத ஓர் இரவில், கண் பழகிய பிறகு, ஒரே விண்மீன் கூட்டத்தில் எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று எண்ணித் தேதியோடு எழுதுங்கள். அடுத்த ஆண்டும் அதே மாதம், அதே நேரம், அதே இடம். 8-இல் சொன்ன ஆய்வும் இப்படி வெறுங்கண்ணால் பார்த்துப் பதிந்தவர்களின் குறிப்புகளால்தான் எழுந்தது. நான்கு ஆண்டு நோட்டு கையில் இருந்தால் எந்தக் கூட்டத்திலும் உங்கள் பேச்சை மறுக்க முடியாது.

18. மேலே ஆயிரக்கணக்குல சாட்டிலைட் ஓடுது. கீழே டப்பா மாட்டி என்ன லாபம்?

2019 மே மாதம் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களை ஏவத் தொடங்கிய பிறகு எண்ணிக்கை வேகமாக ஏறி, இயங்கும் செயற்கைக்கோள்கள் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டன. வானியலாளர்களுக்கு அது பெரிய இடைஞ்சல், அதைத் தனியாக எதிர்க்க வேண்டும். ஆனால் வானில் அவை இழுக்கும் ஒளிக்கோடுகள் பெரும்பாலும் மாலை இருட்டிய பிறகும் விடியலுக்கு முன்பும் சில மணி நேரம்தான் தெரியும். விட்டிலைக் கொல்வதும், பூச்செடியைக் காய்க்க விடாமல் செய்வதும், உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதும் கீழே எரியும் விளக்கு. உங்கள் கைக்கு எட்டுவதும் அதுதான்.

19. எதிர்ச்சரிவுல ஒரு விடுதி ராத்திரி முழுக்க ஃபிளட் லைட் போடுது. சண்டை வராம எப்படிச் சொல்றது?

புகார் கடிதத்தோடு போகாதீர்கள். நானும் ஒருமுறை போய்க் கெட்டேன். அந்த விளக்கு அடுத்த வாரம் இரண்டானது. மறுமுறை வேறு ஓர் இடத்தில் இருட்டிய பிறகு போய், "ஒரு பத்து நிமிஷம் எங்க பக்கம் வந்து பாருங்கண்ணே, டீ போட்டு வச்சிருக்கோம்" என்று அழைத்தோம். பெரும்பாலானவர்கள் தங்கள் விளக்கை எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவர் வந்து நின்றார். தன் விடுதியே கூச்சத்தில் தெரியவில்லை, ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் குத்தியது. கைபேசியில் காவலாளியைக் கூப்பிட்டு அணைக்கச் சொன்னார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கூரையின் கோடு வந்தது, அதற்குப் பின்னால் தேவதாரு மரங்கள், அவற்றுக்கு மேலே முகடு. முகட்டிலிருந்து பால்வெளி எழுந்து நின்றது. அவர் அழைப்பைத் துண்டிக்கவே இல்லை. மறுமுனையில் காவலாளி "திரும்பப் போடட்டுமா சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.